கல் வைத்த வானொலி

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று என் மனைவி அடுத்த அறையிலிருந்து அழைத்த அந்த முற்பகலிலிருந்து இதைத் தொடங்க வேண்டும். மனைவி கணவனை அழைப்பதில் எழுதத்தக்கது என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். அவள் அழைக்கமாட்டாள் என்பதே இதிலுள்ள செய்தி. கண்ணின் நரம்பு நலிந்து, பார்வை விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகக் குறுகி, வெளிச்சமும் இருளும் மட்டும் தெரிகின்ற நிலைக்கு அவள் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் அடுப்படியிலோ, குழாயடியிலோ, துணி உலர்த்தும் கொடியருகிலோ அவள் என்னைத் துணைக்கு அழைத்ததில்லை. அரிசியில் கல் பொறுக்குவதையும் விரலாலேயே செய்துகொள்வாள். நானாகப் போய் நின்றால், "பாடம் நடத்துறதோட நில்லுங்க வாத்தியாரே, இங்க ஒண்ணும் பரீட்ச நடக்கல" என்று விரட்டிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் அன்று நண்பகலுக்குள் மும்முறை அழைத்தாள். மூன்று முறையும் ஒரு வானொலிப்பெட்டிக்காக.

திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் சாலையில் வடமாலபேட்டையில் எங்கள் வீடு இருக்கிறது. சித்தூரில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின் இங்கே வந்து தங்கினோம். சித்தூர்க் கடைத்தெருவில், திருமணமான புதிதில் வாங்கிய கையடக்க வானொலி ஒன்று எங்களோடு இருந்தது. அதைப் போற்றிப் பாட நான் எழுதவில்லை. அது அழகானதன்று, பேரொலி தருவதுமன்று. ஆனால் மிதிவண்டியிலிருந்து இருமுறை விழுந்தது, ஒருமுறை எறும்புகள் அதனுள்ளே குடியேறின, அடைமழையில் ஓர் இரவு முழுவதும் நனைந்தது. ஒவ்வொரு முறையும் வெயிலில் காய்ந்து எழுந்து பேசியது. சென்ற ஆண்டு அதன் உட்கம்பிச் சுருள் எரிந்துபோயிற்று. மாற்று உறுப்பு எங்கும் கிடைக்கவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு பொருள் நின்றுபோவதில் எனக்கு மனக்குறை இல்லை.

அந்தப் பெட்டியில் என் மனைவிக்கு வேண்டியிருந்தது அதன் பக்கவாட்டில் இருந்த திருகு ஒன்றுதான். அதை இடப்பக்கம் முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரை விரல் அகலம் வலப்பக்கம் வந்தால் சென்னை வானொலி. மூன்று விரல் வந்தால் திருப்பதி. விரலுக்கு அடியில் திருகு பல் பதிந்து நகரும். நகர்ந்த இடத்தில் நிற்கும். காலைச் செய்தி, உழவர்க்கான பேச்சு, பிற்பகல் நாடகம் என்று அவளுடைய நாள் அந்தத் திருகில் அடங்கியிருந்தது. பிடிக்காத பேச்சு வந்தால் பாதியில் திருப்பிவிடுவாள். பார்வை போனபின் அவள் விருப்பப்படி திறக்கவும் மூடவும் எஞ்சியிருந்த கதவு அது ஒன்றே. கைப்பேசியைக் கொடுத்துப் பார்த்தேன். "கண்ணாடி மேல விரல வெச்சா எல்லா எடமும் ஒரே மாதிரி வழுக்குது. எது கதவு, எது செவுருன்னே தெரியல" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

எனவே திருகு உள்ள, பண்பலையோடு மத்திய அலையும் எடுக்கின்ற ஒரு பெட்டி வேண்டும்; அது உழைக்க வேண்டும். என் தேவை இவ்வளவே. இதற்காகத் திருப்பதிக்குச் சென்றேன்.

பேருந்து நிலையத்தை அடுத்த தெருவில் கைவிளக்கு, கடிகாரம், வானொலி முதலியவற்றை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. மலைக்குப் போகும் கூட்டமும் வரும் கூட்டமும் அதன் வாயிலை உரசிக்கொண்டே செல்லும். நான் உள்ளே நுழைந்தபோது கடையின் உட்புறத்திலிருந்து ஒரு வானொலி தெலுங்கில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. மணி அடித்தாற்போன்ற தெளிவான குரல். எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. உள்தட்டில் எங்கோ இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் இது நல்ல கடை என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை எளிதாக நினைத்துக்கொண்டேன்!

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். வழிபட வருகின்ற தமிழர்களிடம் பேசிப் பழகிய தமிழ் அவருக்கு உண்டு. சிவப்புநிறப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். முகப்பில் விளக்குகள் மின்னின. கையில் வாங்கினேன், நன்றாகக் கனத்தது. கனம் எனக்கு நம்பிக்கை தந்தது.

"கெட்டியாக இருக்குமா?" என்று கேட்டேன்.

"கெட்டியாவா? கட்டிகா உண்டுந்தி சாரு! சும்மா அதிரும்!" என்று சொல்லி, ஒலியை முழுவதும் ஏற்றிக் காட்டினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

"ஒலியைக் குறையுங்கள். பல ஆண்டுகள் கெட்டியாக இருக்குமா என்றுதான் கேட்கிறேன்."

"எத்தினி வருசம் ஆனாலும் இதே கட்டிதான் சாரு. கொறையவே கொறையாது."

நிறைவோடு வாங்கி வந்தேன்.

இரண்டாம் வாரத்தில் அலைவாங்கிக் கம்பி அடியோடு ஒடிந்தது. மூன்றாம் வாரத்தில் மின்கல அறையின் மூடி கழன்றது. இரப்பர் வளையம் போட்டு இறுக்கினோம். ஐந்தாம் வாரத்தில் திருகு வழுக்கத் தொடங்கிற்று. விரல் சுற்றும், திருகும் சுற்றும், உள்ளே எதுவும் நகராது. சென்னை இருக்கவேண்டிய இடத்தில் இரைச்சல் இருந்தது. பிறகு சற்று நேரத்தில் தானாகவே தெலுங்குப் பாட்டு வந்தது. அப்போதுதான் அவள் என்னை அழைத்தாள். நான் போய் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து சென்னையைப் பிடித்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் அழைத்தாள். மூன்றாம் முறை அவள் குரலில் இருந்த தாழ்வை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எதையோ இரந்து பெறுபவர் பேசுவதுபோல் இருந்தது. நான்காம் முறை அழைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். இரைகின்ற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதை நிறுத்தாமலும் திருப்பாமலும் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு மூண்ட சினத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை. மறுநாள் முதற்பேருந்தில் திருப்பதிக்குப் போனேன்.

கடைக்காரர் பெட்டியை வாங்கினார், இரப்பர் வளையத்தைப் பார்த்தார், முடுக்கினார். அந்நேரம் பார்த்து ஏதோ ஒரு நிலையத்தின் பாட்டு கடையே அதிரும்படி எழுந்தது.

"கம்ப்ளைண்ட் ஏமி சாரு? கட்டிகா வஸ்துந்தி கதா!" என்றார், உண்மையாகவே வியந்து.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நின்ற இடத்திலேயே கூசிப்போனேன்.

தமிழில் 'கெட்டி' என்றால் உறுதி. தெலுங்கிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டு. ஆனால் ஒலியைக் குறித்துச் சொல்லும்போது 'கட்டிகா' என்றால் உரக்க என்று பொருள். நான் உறுதியைக் கேட்டிருக்கிறேன். அவர் உரத்த ஓசையை விற்றிருக்கிறார். இதை அறியாதவனா நான்? சித்தூர்ப் பள்ளியில் என் வகுப்புக்கும் தெலுங்கு வகுப்புக்கும் இடையே ஒரு சுவர்தான். "கட்டிகா சதவண்டி!" என்று அந்த ஆசிரியை பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லும் குரல், பணிக்காலம் முழுவதும் என் பாடத்துக்குள் வந்து விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்டு எத்தனையோ நாள் கதவைச் சாத்தியிருக்கிறேன். அந்தச் சொல் தன் முழுப்பொருளோடு என்னை வந்து மோதியபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. கடையில் எல்லோரையும்போல 'குவாலிட்டி' என்றோ 'வாரண்டி' என்றோ கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். தமிழ்ச்சொல் இருக்கையில் பிறசொல் எதற்கு என்னும் என் வாழ்நாள் வழக்கம் என்னைத் தடுத்தது. அந்த வழக்கத்தை நான் இன்றும் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் அன்று என்மீது எனக்கு வந்த எரிச்சலும் சேர்ந்து கடைக்காரர்மேல் இறங்கியது.

"நான் கேட்டது ஓசையை அன்று! உடையாமல் உழைக்குமா என்று கேட்டேன்!"

அவர் என்னை விந்தையாகப் பார்த்தார். "அப்பிடி யாரும் கேக்குறதே இல்ல சாரு. சவுண்டு கேக்குறாங்க, லைட்டு கேக்குறாங்க, ப்ளூடூத்து இருக்கான்னு கேக்குறாங்க. எத்தினி நாளு வரும்னு இத்தினி வருசத்துல ஒருத்தர் கேக்கல. நீங்க கேட்டதும் சவுண்டத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

அந்த விடை என்னை ஆற்றுவதற்கு மாறாக மேலும் கொதிக்க வைத்தது. ஒருவரும் கேட்பதில்லையாம்! ஆகவே அவரும் எண்ணிப் பார்த்ததில்லையாம். அரைமணி நேரம் வாதாடியபின் வேறொரு பெட்டியைக் கொடுத்தார்; ஒடிந்த சிவப்புப் பெட்டி தமக்கு எதற்கு என்று அதையும் என்னிடமே தள்ளிவிட்டார். நீலநிறம். முன்னதைவிடவும் கனம். வெளியேறும்போது உள்தட்டிலிருந்து அதே தெளிந்த குரல் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. அது பேசுகிறதே, நம்முடையதும் பேசும் என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினேன்.

நீலப்பெட்டியின் திருகு பன்னிரண்டாம் நாள் வழுக்கியது.

இம்முறை என் மனைவி என்னை அழைக்கவே இல்லை. பெட்டியை நிறுத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். "கேக்க ஒண்ணுமில்ல, வுடுங்க" என்றாள். பிற்பகல் நாடக நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பார்வையற்றவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்வது பொருத்தமில்லாமல் இருக்கலாம். ஆனால் அவள் அப்படித்தான் இருந்தாள்.

மறுநாள் காலையில் முன்னறையில் தாளை விரித்து, திருப்புளியால் அந்தப் பெட்டியைத் திறந்தேன். சினத்தில் திறந்தேனேயொழிய, சரிசெய்யும் அறிவு எனக்கில்லை. உள்ளே பெரும்பகுதி வெறும் வெளி. ஓரத்தில் உள்ளங்கையளவில் பச்சை நிறப் பலகை ஒன்று. எதிர் ஓரத்தில், பசையால் ஒட்டப்பட்டு, எந்தக் கம்பியோடும் இணையாமல், தீப்பெட்டியளவு இரும்புக் கட்டி ஒன்று இருந்தது. அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

அந்நேரம் எங்கள் மாடிப்பகுதியில் குடியிருக்கும் பெண் இரவு வேலைமுடிந்து வந்தாள். திருவள்ளூர்ப் பக்கத்தவள், முப்பதைக் கடந்தவள், ஸ்ரீ சிட்டியில் கைப்பேசி உறுப்புகளைப் பூட்டும் ஆலை ஒன்றில் பணி. ஆலைப் பேருந்து சாலையில் இறக்கிவிட்டால் எங்கள் முன்னறையைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

"இன்னா சார், காலங்காத்தால பொட்டியப் பொளந்து வெச்சிக்கினு? ஆபரேசனா?" என்று குனிந்தாள்.

"இந்த இரும்பு எதற்கு என்று தெரிகிறதா அம்மா?"

எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "இதுவா? இது சும்மா வெயிட்டு சார். கைல எடுத்தா கனமா இருக்கணும்ல, அதுக்கு ஒட்டி வுட்டுருக்கானுங்க. கனமா இருந்தா நல்ல சாமான்னு நம்ம ஆளுங்க நம்பிடுவாங்கல்ல?"

நம்பியவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு முகம் எரிந்தது. ஒருவன் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். வாங்குகிறவன் கையில் எடுத்துக் கனம் பார்ப்பான் என்று கணித்து, அந்தக் கையை ஏய்ப்பதற்கென்றே இரும்பை அறுத்து ஒட்டியிருக்கிறான். அந்த இரும்பில் சிறிதை எடுத்துத் திருகுக்கு ஓர் ஆணி செய்திருந்தால் பெட்டி உழைத்திருக்கும்! ஏமாற்றுவதற்கு எடுத்துக்கொண்ட உழைப்பைச் செய்வதற்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"நாபுக்கு ஸ்க்ரூ கூட இல்ல சார்," என்று அவள் திருகைப் பிடுங்கிக் காட்டினாள். "பசைல ஒட்டியிருக்கான். நம்ம ஊரு வெயிலுக்கு எளகிடும். எங்க லைன்ல இப்பிடி ஒண்ணு வந்தா சூப்பர்வைசர் அத தூக்கி எங்க மேலயே வுடுவாரு."

என் மனைவி அடுப்படியிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அந்த இரும்ப இப்பிடிக் குடு" என்று கையை நீட்டினாள். வாங்கி, விரல்களால் உருட்டிப் பார்த்தாள். பங்காருபாளையத்துப் பக்கம் மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்த குடும்பம் அவளுடையது. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி, மரத்தில் பழுத்ததா, கொட்டகையில் கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று சொல்லிவிடுவாள்.

"கல்லு வெச்ச பழம்," என்றாள். "மேல மஞ்சளா இருக்கும், உள்ள புளிக்கும். எங்க நைனா இருந்தா வித்தவன் தலையிலயே ஒடைப்பாரு."

மாடிக்காரப் பெண் ஒரு சொட்டுப் பசையிட்டுத் திருகை மறுபடி ஒட்டிக் கொடுத்தாள். "ரெண்டு நாள் தாங்கினா பெருசும்மா" என்றாள். பிறகு தன் ஆலையில் நடப்பதைச் சொன்னாள். செய்துமுடித்த கைப்பேசிகளில் சிலவற்றை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார்களாம். அதற்கென்றே ஓர் ஆள். "நாள் பூரா போட்டுக்கினே இருப்பான். ஒடஞ்சா எழுதி வெப்பான்."

"கீழ போடறதுக்கு சம்பளமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆமாம்மா."

"அந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுடீ. கண்ணு தெரியாதவ நல்லாவே போடுவேன்."

இருவரும் சிரித்தனர். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒட்டிய திருகு மூன்றாம் நாள் கழன்று விழுந்தது. மறுபடி கடைக்குப் போகிறேன் என்று அன்று மாலை நான் சொன்னதும் என் மனைவி, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள். பார்வை போனபின் அவள் திருப்பதிக்கு வருவது அதுவே முதன்முறை.

என் தோளில் கைவைத்துக்கொண்டு கூட்டத்தின் ஊடே நடந்து வந்தாள். கடையேறியதும் நான் இரு பெட்டிகளையும் இரும்புக் கட்டியையும் கண்ணாடிப் பெட்டகத்தின்மேல் வைத்தேன். வழியெல்லாம் கூர்தீட்டி வந்த சொற்களைத் தொடங்கினேன்.

"நீங்க கொஞ்சம் இருங்க," என்று என் மனைவி என்னைத் தடுத்தாள். பிறகு கடைக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி, "வேற பொட்டி இருந்தா காட்டுங்கண்ணா" என்றாள்.

அவர் மகிழ்ந்து, "ரண்டம்மா, கூர்ச்சோண்டி" என்று முக்காலியைத் தள்ளி, ஐந்தாறு பெட்டிகளை வரிசையாக வைத்தார். அவள் ஒவ்வொன்றாய் எடுத்தாள். திருகில் கட்டைவிரலை வைத்து இருபுறமும் அசைத்தாள். "இது கல்லு வெச்சது" என்று தள்ளினாள். அடுத்ததையும் அப்படியே. "இதுவும் கல்லு. இது வெம்பல். இது பிஞ்சிலயே பறிச்சது." கடைக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. "மாம்பழம் இல்லம்மா, ரேடியோ" என்றார். பக்கத்தில் கைவிளக்கு வாங்க வந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசிப் பெட்டி கறுப்பு. "இது ஒண்ணு பரவால்ல," என்று அவள் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இடுப்பளவுக்குக் கொண்டுவந்தாள். "கீழ போட்டுப் பாக்கறேன். தாங்கினா எடுத்துக்கறேன்."

"அம்மா! வத்தம்மா!"

வேண்டாமென்று கூவியபடி கடைக்காரர் பெட்டகத்தைச் சுற்றி ஓடிவந்த விரைவை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கைகளுக்குக் கீழே தம் இரு கைகளையும் ஏந்தி நின்றார். இடுப்பு உயரம், கீழே வழவழப்பான தரை. அவ்வளவு தொலைவுகூடத் தம் சரக்குத் தாங்காது என்பதை அவர் வாய் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஏந்தி நின்ற கைகள் சொல்லிவிட்டன.

"ஏன், ஒடஞ்சிடுமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் பெட்டியின் அடியை இறுகப் பற்றிக்கொண்டார். அப்போது உள்தட்டிலிருந்து அந்தத் தெளிந்த குரல் கேட்டது.

"உள்ள பேசிக்கினு இருக்குதே, அது எது?"

"அது கடையோடது அம்மா. பழசு."

"எங்க, கொஞ்சம் குடுங்க."

என்ன நினைத்தாரோ, கறுப்புப் பெட்டியைத் தப்புவித்துக்கொள்ளும் முனைப்பிலே அதை எடுத்து வந்து கொடுத்தார். துணியுறை போட்ட, முனை தேய்ந்த, நரைத்த நிறத்தில் ஒரு பெட்டி. அவள் திருகைத் தேடினாள். இடப்பக்கம் முட்டும்வரை திருப்பினாள். அங்கிருந்து மெல்ல வலப்பக்கம் வந்தாள். ஒன்றரை விரல் இல்லை, ஏறக்குறைய இரண்டு விரல் வந்தபோது, தெலுங்குத் தெருவின் நடுவில் தமிழில் ஒருவர் நெற்பயிருக்கு உரமிடுவதைப்பற்றி நிதானமாகப் பேசினார். அவள் முகத்தை நான் பார்த்தேன். பிறகு பார்க்க இயலாமல் கடைக்காரரைப் பார்த்தேன். அப்போது எனக்கு மூண்டதுதான் உண்மையான சினம். நான் முதல்நாள் கேட்டு நம்பிய குரல் இதனுடையது. விற்பதற்கு ஒன்று, தாம் கேட்பதற்கு ஒன்று! நாள்முழுவதும் அந்தத் தட்டின் எதிரில் அமர்ந்து, தாம் விற்கின்ற எதையும் தாம் கேளாமல், பழைய பெட்டி ஒன்றுக்கு உறைதைத்து வைத்திருக்கிறார்.

"இதையே குடுங்க," என்றாள் என் மனைவி.

"இதி அம்மேதி காதம்மா. விக்குறது இல்ல. கடை தெறந்த அன்னிக்கு வாங்கினது, எனக்கே வேணும்."

"எங்க வூட்டுக்காரரு அன்னிக்குக் காதால கேட்டு வாங்கினது இதத்தான். இந்தக் குரலக் கேட்டுத்தான் உங்கள நம்பினாரு. குடுத்தனுப்பினது வேற. அவரு வாங்கினத இப்பக் குடுத்துடுங்க. நீங்க குடுத்த ரெண்டும் இதோ இருக்கு. கல்லும் இருக்கு."

"நியாயமாம்மா இது?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

முக்காலியில் மறுபடி அமர்ந்துகொண்டாள். பெட்டியை மடியில் வைத்து, "அவசரம் இல்ல. நீங்க யோசிச்சிக்கினு இருங்க. உரம் போட்டு முடிக்கட்டும், நான் கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

நான் என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் வாதிட்டிருக்கிறேன். அவள் நான்கைந்து சொற்றொடரில் சொன்ன வழக்கை நான் சென்றமுறை அரைமணி நேரம் வாதாடியும் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். கூட்டம் சேர்ந்தது. கைவிளக்கு வாங்க வந்தவர், அதோடு தாம் எடுத்து வைத்திருந்த சிவப்பு வானொலியைத் திருப்பி வைத்துவிட்டு, "அண்ணே, எனக்கும் அந்தப் பழசுலயே ஒண்ணு குடு" என்றார். வாயிலில் நின்றவர்கள் சிரித்தனர். ஒரு பெண் தெலுங்கில், "கிந்த வேசி சூப்பிஞ்சு" என்றாள். கீழே போட்டுக் காட்டச் சொன்னாள். கடைக்காரர் முகம் சிவந்து, கூட்டத்தையும் மடியிலிருந்த பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எடுத்துக்கினு போங்கம்மா," என்றார் இறுதியில். "எனக்கு வியாபாரம் நடக்கணும்."

பேருந்தில் ஏறியபின் அவள் பெட்டியைக் காதருகில் வைத்துக்கொண்டிருந்தாள். வழியில் ஒருமுறை, "பாவம், இனிமே அந்த ஆளு எதுல கேப்பான்?" என்றாள்.

"அவர் விற்பதிலேயே கேட்கட்டும்," என்றேன். எனக்குள் இரக்கம் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

இப்போது அவள் என்னை அழைப்பதில்லை. சென்னை இரண்டு விரல், திருப்பதி மூன்றரை விரல் என்று புதிய அளவுகள் அவள் கைக்கு வந்துவிட்டன. நான் அந்த அறைப்பக்கம் போனால், "இன்னா வேணும் வாத்தியாரே, நாடகம் ஓடிக்கினு இருக்கு" என்று விரட்டுகிறாள்.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாகத் திருப்பதிக்குச் சென்றபோது அத்தெரு வழியே நடந்தேன். கடையிலிருந்து கரகரப்பான பேரோசை ஒன்று எழுந்து எழுந்து அறுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்து அதன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தார். மூடியை இறுக்கி ஓர் இரப்பர் வளையம். என்னைக் கண்டுகொண்டார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக் காட்டி, "கெட்டியா இல்ல சாரு இது" என்றார், முறையிடுவதுபோல்.

அவர் வாயில் அச்சொல் என் பொருளில் வந்தது அன்றுதான். நான் அதை வெற்றியாகக் கொண்டு வந்த வழியே போயிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் ஒன்று கடையேறியது. மொட்டையடித்த பெரியவர் ஒருவர் சிவப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். கடைக்காரர் கறுப்புப் பெட்டியைச் சட்டென்று கீழ்த்தட்டில் மறைத்துவிட்டு அவர்பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர, "கட்டிகா உண்டுந்தி!" என்றார்.

அந்த மலர்ச்சியைப் பார்த்தபின் என்னால் போக முடியவில்லை. படியேறிப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, வாங்குவதற்கு முன் ஒருமுறை கீழே போட்டுப் பாருங்கள்" என்றேன். தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, தெலுங்குப் பொருளில், மிகக் கெட்டியாகவே சொன்னேன்.